ரப்பருக்கும் வயசாகும்!

குக்கரில் விசில் வரவில்லை. மூடியின் ஓரமாக ஆவி புஸ்புஸ் என்று வெளியேறுகிறது. உடனே நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கேஸ்கெட்டைக் கழற்றி, பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து, மறுபடி மாட்டுகிறோம். அம்மா சொல்லித் தந்த யோசனையாக இருக்கும். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும். அன்றைக்கு விசிலும் வந்துவிடும், பருப்பும் வெந்துவிடும்.

திருமுல்லைவாயிலில் ஒரு தெருவில் இந்த யோசனையைச் சொன்னால் ஒரு பெரியவருக்குக் கோபம் வரும். "அது வைத்தியம் இல்லம்மா, சமாதானம். குளிர்ல கொஞ்ச நேரம் சுருங்கும். சூடானா பழையபடி தொளதொளன்னு ஆயிடும். எழுபது எண்பது ரூபா சாமானுக்கு எதுக்கு இத்தனை நாடகம்?" என்பார்.

அவருக்கு வயது 68. முப்பது வருஷத்துக்கு மேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ரப்பர் மோல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். கார் கதவு ரப்பர், பம்ப் வாஷர், பைப் வளையம், ஓ-ரிங் என்று அவர் கை படாத உருப்படி இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும், வாட்டர் ஃபில்டர் கசிந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரப்பரை விரலால் அழுத்தி, வளைத்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

திருமுல்லைவாயில் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மாசிலாமணீஸ்வரர் கோயில் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு ஷிஃப்ட் சங்குதான் ஞாபகம் வரும். ரயிலில் ஒரு பக்கம் அம்பத்தூர், மறுபக்கம் அண்ணனூரைத் தாண்டினால் ஆவடி. அம்பத்தூரில் ஒரு காலத்தில் டயர் தொழிற்சாலை இருந்த இடத்தை இன்றும் 'டன்லப்' என்றுதான் சொல்கிறார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா என்று வரிசையாக வந்தன. அஜேயா, பீஷ்மா ரக டாங்குகள் சுவாசக் குழாய் மாட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழ ஆற்றைக்கூட அடியிலேயே உருண்டு கடக்கும். வெளியே தலைக்கு மேல் தண்ணீர், உள்ளே மூன்று வீரர்கள். நடுவில் இருப்பது இரும்பு மட்டும் அல்ல, இரும்பும் இரும்பும் சேரும் இடங்களில் ரப்பரும் இருக்கிறது.

"இரும்பு உடைஞ்சா சத்தம் கேட்கும். ரப்பர் போனா சத்தமே கேட்காது" என்பது பெரியவர் அடிக்கடி சொல்வது.

ரப்பர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்வார். இரண்டு உலோகத்தை எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்துச் சேர்த்தாலும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். ரப்பரை நடுவில் வைத்து அழுத்தினால் அது அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு, 'என்னை விடு, நான் பழைய உருவத்துக்குப் போகணும்' என்று இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல்தான் தண்ணீரையும் ஆவியையும் நிறுத்துகிறது. அடைத்துக்கொண்டு சும்மா இருப்பது ரப்பரின் வேலை அல்ல.

பச்சை ரப்பருக்கு அந்தக் குணம் கிடையாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடு காட்டினால் அது நிலைத்த மீள்தன்மை பெறும் என்று கண்டுபிடித்தார். இன்றும் எஸ்டேட் பட்டறைகளில் நடப்பது அதன் தொடர்ச்சிதான். கலவையை அச்சில் வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி, 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இத்தனை நிமிஷம் என்று கணக்காக வேக வைப்பார்கள். இட்லி மாதிரிதான். சீக்கிரம் எடுத்தால் மேலே வெந்தது போலத் தெரியும், உள்ளே வெந்திருக்காது.

அப்படிச் சீக்கிரம் எடுத்த ஒரு லாட்டில்தான் பெரியவர் தன் வேலையை ஏறக்குறைய இழந்தார். அடிக்கடி கரண்ட் போன ஒரு கோடைக்காலம். ஆர்டர் நெருக்கடியில், ராத்திரி ஷிஃப்டில் வேகும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். வளையங்கள் பளபளவென்றுதான் இருந்தன. இவர் ஒன்றை எடுத்து, இரண்டு தகட்டுக்கு நடுவே இறுக்கி, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தார். காலையில் அது தட்டையாகவே கிடந்தது. 'ஓகே' சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் ஓவர்டைம் கிடையாது. அந்த வருஷம் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வீட்டம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. "ரப்பர் வளையத்துக்காக என் தங்க வளையல் போச்சு" என்று அந்த அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வர எத்தனை வருஷம் ஆனது என்று அவர் சொல்வதில்லை.

இந்தப் பின்னணி தெரிந்ததால்தான், ஒரு போகிக்கு முந்தின ராத்திரி, பக்கத்து வீட்டுப் பையன் நேராக இவரிடம் வந்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், உப்பங்கழியில் படகு விடும் ஒரு தனியார் இடத்தில் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். பைக் கடன் ஓடுகிறது. அப்பா இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. பாலித்தீன் கவரிலிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து நீட்டினான்.

"பெரியப்பா, இத கொஞ்சம் பாருங்க. ஜெட் படகோட கிளீனவுட் மூடியில இருந்தது."

ஜெட் படகு என்றால் விமானம் மாதிரி பறப்பது அல்ல. வழக்கமான மோட்டார் படகில் அடியில் காற்றாடி போல ஒரு விசிறி சுற்றும். ஜெட் படகில் அது வெளியே இருக்காது. படகின் அடிப்பக்கச் சல்லடை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, பம்ப்பால் வேகமாகப் பின்பக்கம் பீய்ச்சும். அந்தத் தள்ளலில் படகு முன்னே பாயும். நியூசிலாந்தில் கூழாங்கல் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளில் ஓட்டுவதற்காக பில் ஹாமில்டன் என்பவர் 1954-ல் இத்தகைய படகைச் செய்தார். 1977-ல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி, ஜெட் படகுகளில் வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து இமயம் நோக்கிப் போனார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவிதான் அவரை நிறுத்தியது.

விசிறி வெளியே இல்லாததால் பாறை தட்டாது, ஆளுக்கும் ஆபத்து குறைவு. ஆனால் இன்னொரு தொல்லை உண்டு. ஆகாயத்தாமரை, பாசி, பிளாஸ்டிக் பை, கயிறு என்று எது மிதந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் படகு திணறும். அதற்காகத்தான், உள்ளிழுக்கும் குழாயின் மேல் கை விட்டுச் சுத்தம் செய்ய ஒரு வாய் வைத்திருப்பார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து குப்பையை எடுத்துவிட்டு, மறுபடி மூட வேண்டும். அந்த மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுக்க ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறோமே, அதே சங்கதி.

பெரியவர் வளையத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தார். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர், ஒரு பக்கம் நாடா போலத் தட்டையாகி இருந்தது. வளைத்தார். வெளிப்பக்கம் முடி முடியாக வெடிப்பு.

"எத்தனை வருஷமாச்சுடா இத மாத்தி?"

"தெரியல பெரியப்பா. நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது. ஒரு மாசமா படகு முன்ன மாதிரி இழுக்கல. இன்ஜின் கத்துது, வேகம் வரல. அடியில தண்ணி இறைக்கிற பம்ப்பும் அடிக்கடி ஓடுது."

அவர் தலையாட்டினார். இரண்டும் ஒரே நோயின் அறிகுறி. கிளம்பும்போது பம்ப் தண்ணீரை உறிஞ்சும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த இடைவெளியில் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். காற்று கலந்த தண்ணீரைப் பம்ப்பால் பிடித்துத் தள்ள முடியாது. வேகம் எடுத்த பிறகு நேர் எதிர். முன்னே பாயும் வேகத்தில் தண்ணீர் குழாய்க்குள் முட்டி ஏறும், அதே இடைவெளி வழியாக இன்ஜின் இருக்கும் அறைக்குள் பீய்ச்சும். அதைத்தான் தானாக ஓடும் பம்ப் சத்தம் போடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருந்தது. பம்ப் ஓடும்வரை கசிவு யாருக்கும் தெரியாது. பேட்டரி இறங்கினாலோ, பம்ப் வாயில் ஒரு துணி அடைத்தாலோதான் தெரியும்.

"முதலாளி என்ன சொல்றாரு?"

பையன் தயங்கினான். "கிரீஸ் தடவி இறுக்கி மூடுன்னு சொல்றாரு. பொங்கல் நாலு நாள்தான் சம்பாத்தியம், அப்புறம் பார்த்துக்கலாம்னாரு. காணும் பொங்கலுக்குக் கூட்டம் தாங்காது பெரியப்பா. எட்டு பேர் உட்கார்ற படகு, பாதி குழந்தைங்கதான்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போகிக்கு வேண்டாததை எறியணும்னு ஊரே எரிக்குது. உங்க முதலாளி எறிய வேண்டியதைப் படகுல மாட்டி வெச்சிருக்காரு" என்றார். "நாளைக்கு மத்தியானத்தோட எஸ்டேட்ல ஷட்டர் இறங்கிடும். காலையிலயே போயிடலாம்."

அன்று ராத்திரியே மூடியின் அளவை எடுத்தார்கள். பையன் செய்த ஒரு நல்ல காரியம், மூடியையும் கழற்றிக் கையோடு கொண்டு வந்ததுதான். பலர் செய்யும் தப்பு, பழைய வளையத்தை மட்டும் கடையில் காட்டி 'இதே சைஸ்ல கொடுங்க' என்று கேட்பது. பழையது இளைத்திருக்கும், அல்லது இழுபட்டு நீண்டிருக்கும். அளக்க வேண்டியது அது உட்காரும் பள்ளத்தை.

பள்ளத்தின் ஆழம் நாலு மில்லி மீட்டர். அங்கே ஐந்து மில்லி மீட்டர் தடிமனுள்ள வளையம் உட்கார்ந்தால், மூடும்போது ஒரு மில்லி மீட்டர் அமுங்கும். ஐந்தில் ஒரு பங்கு. இப்படி அசையாமல் இருக்கும் மூடிக்கு அது சரியான அழுத்தம். பழைய வளையத்தை வெர்னியரில் பிடித்தால் 4.1 காட்டியது. அதாவது, அமுங்கிய ஒரு மில்லி மீட்டரில் அது திரும்ப எழுந்தது பத்தில் ஒரு பங்குதான். "இதுக்கு மேல திருகி இறுக்கினா மூடிதான் விரியும், ரப்பர் எழுந்து வராது. கிரீஸ் தடவினா பளபளப்பு வரும், உயிர் வராது" என்றார்.

மறுநாள் காலை போகிப் புகை கலையும் முன்பே, பையனின் பைக்கில் சி.டி.எச். ரோட்டைப் பிடித்தார்கள். முதல் இரண்டு கடைகளில் அந்த அளவு இல்லை. மூன்றாவது இடத்தில் ரப்பர் கயிற்றை வெட்டி, பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றார்கள். பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒட்டிய வளையம் எல்லா இடத்திலும் தப்பு என்பதில்லை. ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டும் மூடியில், அவசரத்தில் கையால் ஒட்டிய இடம்தான் முதலில் விடும். கடைசியில், முன்பு இவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் நடத்தும் பட்டறையில், அச்சில் வார்த்த நைட்ரைல் ரப்பர் வளையம் கிடைத்தது. ஏன் நைட்ரைல்? படகின் இன்ஜின் அறையில் பெட்ரோல், ஆயில் படும். சாதாரண ரப்பர் ஆயில் குடித்து ஊதிப்போகும். நைட்ரைல் தாங்கும். அதற்காக அதே வளையத்தைக் குக்கருக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ரப்பர்.

மூன்று வளையம் வாங்கினார்கள். பணம் பையன் பாக்கெட்டிலிருந்துதான் போனது. முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

பைக்கை எடுக்கும் முன் பெரியவர் செய்முறையை ஒப்பிக்க வைத்தார். பழைய வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரப்பரும் அதை அடைக்காது, ஐஸ்கிரீம் குச்சி போதும். பள்ளத்தை நல்ல தண்ணீரில் கழுவி, மணல், உப்பு இல்லாமல் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், ஒழுகுவதற்கு. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும். சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு, பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும், அப்பக் கூடாது. மூடியைச் சமமாக இறுக்க வேண்டும். அதன் பிறகு சோதனை. மூடியைச் சுற்றிக் காய்ந்த நியூஸ் பேப்பரை விரித்து, ஆள் ஏற்றாமல் படகை ஓட்டிப் பார்க்க வேண்டும். பேப்பர் நனையாமல் இருந்தால்தான் ஆளை ஏற்றலாம்.

"முதலாளி விடலைன்னா?" என்றான் பையன்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் பேக்கிங்கில் நின்றவருக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும். "வேலைய விட்டுடுன்னு உனக்கு நான் சொல்ல முடியாதுடா. உங்கம்மா மாத்திரைக்கு நான் காசு தரப் போறதில்ல. ஆனா அந்தப் பழைய வளையத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போகாத. அது என்கிட்டயே இருக்கட்டும்."

பழையது கையில் இல்லாவிட்டால் அதை மாட்டச் சொல்ல யாராலும் முடியாது, அவ்வளவுதான்.

பொங்கலன்று காலை படகு இரண்டு மணி நேரம் கரையிலேயே நின்றது. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் முதலாளி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பையன் குனிந்தபடியே வேலையை முடித்தான். பேப்பர் விரித்து ஓட்டினான். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பேப்பர் காய்ந்திருந்தது. இறைக்கும் பம்ப் ஒரு தடவைகூட ஓடவில்லை. முதலாளி நன்றி சொல்லவில்லை. அரை நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் அவரே படகை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி இப்பதான் இழுக்குது" என்று மட்டும் சொன்னாராம்.

இது சின்னப் படகு, சின்ன வளையம் என்று விட்டுவிடலாம். ஆனால் 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி, ஏழு பேர் உயிரிழந்ததற்குக் காரணமும் ஓ-ரிங்தான். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் இறுகி, வேண்டிய வேகத்தில் எழுந்து வரவில்லை. விசாரணையின்போது விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன், கவ்வியில் இறுக்கிய ஒரு துண்டு ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது மீளவில்லை என்று எல்லாருக்கும் காட்டினார். குளிரில் கிளப்ப வேண்டாம் என்று முந்தின ராத்திரியே பொறியாளர்கள் சிலர் சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை.

நம் வீட்டில் ராக்கெட் இல்லை. குக்கர் இருக்கிறது. அதற்குள் ஆவி 120 டிகிரி வரை சூடேறும். குக்கர் கேஸ்கெட்டுக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, குக்கரின் கம்பெனிக்கும் மாடலுக்கும் ஏற்றதாக வாங்குங்கள். தினமும் கழற்றிக் கழுவி, நிழலில் காய வையுங்கள். ஆணியில் இழுத்து மாட்டாதீர்கள், இழுபட்ட ரப்பர் காற்றுப்பட்டே வெடிக்கும். வெயில், அடுப்புச் சூடு, ஓடும் மோட்டார் பக்கம் ஸ்பேர் ரப்பரை வைக்காதீர்கள். வளைத்தால் கோடு தெரிகிறதா, தட்டையாகிவிட்டதா, விறைப்பாகிவிட்டதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கசியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாஷிங் மெஷின் கதவு, வாட்டர் ஃபில்டர், கேஸ் டியூப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கேஸ் டியூபில் மட்டும் அச்சிட்டிருக்கும் தேதியைத் தாண்ட விடவே கூடாது.

பெரியவரின் வீட்டம்மா இப்போது புது கேஸ்கெட் வாங்கினால், வாங்கிய மாதத்தை அடுப்படிக் காலண்டரில் எழுதி வைக்கிறார். பையனும் அதையே செய்கிறான். மீதமிருந்த இரண்டு வளையங்களை ஒரு கறுப்பு கவரில் போட்டு, மாற்றிய தேதியை மேலே எழுதிப் படகின் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறான். போன மாதம் முதலாளி அந்தக் கவரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு படகுக்கும் ரெண்டு வாங்கிட்டு வா. பில் கொடு, காசு தர்றேன்" என்றாராம்.